டிரம்பும் துருப்பும்

நான் உட்கார்ந்திருந்த மேசையை உங்கள் மூவருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு மேசைக்கு மூன்று பேரா என்று முகம் சுளிக்காதீர்கள், அந்த அலுவலகம் அப்படித்தான். நான் சேர்ந்தபோது மேசை இருந்தது, நாற்காலி இல்லை. ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே உட்கார்ந்தால் புது ஆறு தெரியும். தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் தஞ்சாவூர் வெயிலும் புழுதியும் மறந்துபோய், கரை தொட்டு ஓடுகிற அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். எதிரே கிடக்கிற காகிதமும் மறந்துபோகும். எனக்கு மறந்துபோயிருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று ரீட்டா கேட்டாள். அவளை நீங்கள் இப்போது அலுவலகப் பொறுப்பாளராகப் பார்க்கிறீர்கள். நான் அவளைத் தட்டச்சு செய்ய வந்த பெண்ணாகப் பார்த்தவள். எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் கணினி கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்துப் பக்கம் மொழிபெயர்த்துவிடுகிறதாம், நீங்கள் அதைத் திருத்துகிறீர்களாம். நல்லது. நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன், அவற்றைக் கணினி செய்யுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப காலத்துத் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெல் விதைக்கிற கருவி ஒன்றைப் பற்றிய விளம்பரத் துண்டறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்குப் பெயர் ‘சீட் டிரில்’. டிரில் என்றால் எனக்குப் பள்ளிக்கூட மைதானமும் விசில் சத்தமும்தான் தெரியும். ‘விதைப் பயிற்சி இலவசச் செய்முறை விளக்கம்’ என்று எழுதிவிட்டேன். கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய விவசாயிகள் நோட்டும் பேனாவுமாகப் பயிற்சிக்கு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினோம். இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்த வகைத் தப்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சொல் தெரியாததால் வருகிற தப்பு அது, யாராவது ஒருவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொரு வகை உண்டு. சொல் நன்றாகத் தெரிந்து, அதன் அழகில் மயங்கி, மிகச் சரியாகச் செய்துவிட்டோம் என்ற பெருமையோடு செய்கிற தப்பு. அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சொல் ‘டிரம்ப்’. நாள்தோறும் செய்தியில் வருகிறவரை நினைத்துக்கொண்டு நீங்கள் சிரிக்க வேண்டாம். இது நடந்தபோது நம் ஊர்ப் பத்திரிகைகளில் அந்தப் பெயர் அவ்வளவாக அடிபடவில்லை.

அது ஐப்பசி மழைக்காலம். அலுவலகத்தில் வெளிச்சம் குறைந்து, மதியம் பன்னிரண்டு மணிக்கே மாலை மாதிரி இருந்தது. சவரிமுத்து என்று ஒருவர் படியேறி வந்தார். எழுபதை நெருங்கியவர். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். அவர் அப்பா கூலிக்கு நடவு நட்ட வயல்களில் ஒன்றை இவர் பின்னாளில் சொந்தமாக வாங்கிப் பயிர் செய்துகொண்டிருந்தார். முன்பற்கள் இரண்டும் இல்லை. சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் உறை ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“இங்கிலீஷ் லெட்டருங்கம்மா. என்னா போட்டுருக்குன்னு சொல்லணும்.”

திருச்சிப் பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து டென்னிஸ் என்பவர் எழுதியிருந்தார். ஆங்கிலோ-இந்தியர். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பேண்டு குழுவையும் நடத்தியவர். சவரிமுத்து இருபது வயதில் அந்தக் குழுவில் சேர்ந்து, பித்தளை வாத்தியம் ஊதக் கற்றுக்கொண்டு, முப்பது வருடங்களுக்கு மேல் தேர்பவனி, கல்யாணம், அடக்கம் என்று அவரோடு ஊர் ஊராகப் போனவர். என்ன வாத்தியம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

“மாஸ்டரு தமிழ் நல்லாப் பேசுவாரும்மா. எழுதத்தான் வராது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எங்களுக்குள்ள எழுதுற வேலையே வந்ததில்ல, எல்லாம் வாய்ப் பேச்சுதான். இப்ப என்னாத்துக்கு லெட்டர் போட்டுருக்காருன்னு தெரியல. பன்னண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல.”

கடிதத்தில் ஐந்தே வரிகள். எழுத்துகள் நடுங்கியிருந்தன. அவர் எழுதியிருந்தது இதுதான்: தொண்டையில் ஆபரேஷன் செய்து என் குரலை எடுத்துவிட்டார்கள். இனி எழுதித்தான் பேச வேண்டும். நடந்ததை நான் மறக்கவில்லை. கடைசி டிரம்ப் உன்னிடமிருந்துதான் வர வேண்டும், வேறு யாரிடமிருந்தும் வேண்டாம். வழக்கம்போலத் தாமதிக்காதே.

குரல் போன செய்தியை மட்டும் முதலில் சொன்னேன். சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். “குரலா? அந்தக் குரலா?” என்றார்.

நான்காவது வரியில் எனக்குச் சந்தேகம் இருந்தது. எதைப் பற்றிச் சொல்கிறார் என்று புரியவில்லை. அதனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியதைச் செய்தேன். “உங்களுக்குள்ள என்ன நடந்ததுங்க ஐயா?” என்று கேட்டேன்.

“சீட்டாட்டம்மா, வேற என்னா” என்றார்.

பவனி புறப்படுகிற வரைக்கும் பேண்டுக்காரர்களுக்கு வேலை கிடையாது. எங்காவது மரத்தடியில் துண்டை விரித்துப் போட்டுச் சீட்டாடுவார்களாம். நாலு பேர் ஆட்டம், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். டென்னிஸுக்கு எப்போதும் சவரிமுத்துதான் கூட்டாளி. ஒருநாள் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஆட்டம் கடைசிப் பிடிக்கு வந்துவிட்டது. சவரிமுத்து கையில் துருப்புச் சீட்டு இருந்தது. அதை இறக்கி வெட்டியிருந்தால் ஜெயிப்பு. அவர் வெட்டவில்லை.

“ஏன் வெட்டல?” என்று கேட்டேன். எனக்கே ஆர்வம் தாங்கவில்லை.

“மனசுல ஒரு மெட்டு ஓடிக்கிட்டுருந்துச்சிம்மா. சாயங்காலம் ஊதணுமே, அந்த மெட்டு. கையில இருக்குறது கண்ணுல தெரியுது, மனசுல படல. மாஸ்டருக்கு வந்துச்சி பாருங்க கோவம். எல்லாரையும் வச்சிக்கிட்டு, ‘துருப்பக் கையில வச்சிக்கிட்டே கூட்டாளியக் கவுத்துட்டான், இவன எப்படி நம்புறது’ன்னுட்டாரு. கூலிக்காரன் பொழப்புலேந்து வந்தவன்மா நான். நம்ப முடியாதவன்னு சொன்னா எனக்கு வேற என்னா இருக்கு? அன்னியோட வந்துட்டேன்.”

எனக்கு எல்லாம் துலங்கிவிட்டது. அந்த நிமிடத்து மகிழ்ச்சியை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கடைசி டிரம்ப் என்றால் கடைசித் துருப்பு! தாமதிக்காதே என்றால் இந்த முறையாவது நேரத்துக்கு இறக்கு! வேட்டியைப் பிழிந்துகொண்டு அவர் வெளியே நிற்கப் போனார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புது ஆற்றைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லோடு மிதந்துகொண்டிருந்தேன். மழை தண்ணீரில் விழுந்து சின்னச் சின்ன வட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தது. டிரம்ப் என்கிற இந்தச் சொல்லோ, அதற்கும் முன்னால் கப்பலில் வந்து இறங்கிய அதன் உறவுக்காரச் சொல் ஒன்றோ, நம் ஊர் மரத்தடிகளில் சீட்டோடு சேர்ந்து கைமாறி, துருப்பு ஆகிவிட்டது. படையைச் சொல்கிற துருப்பு, ‘ட்ரூப்’ என்கிற வேறு ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து இதோடு கலந்து நின்றது. ராஜாச் சீட்டை வெறும் இரண்டாம் நம்பர்த் துருப்பு வெட்டிச் சாய்க்கிற அந்த அநியாயமான அழகு. இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டே அகராதியைத் திறந்தேன். முதல் பதிவு சீட்டாட்டம்தான். பார்த்தவுடன் மூடிவிட்டேன்.

அவரை உள்ளே கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். “கடைசித் துருப்பு உன் கையிலிருந்துதான் விழ வேண்டும், வேறு யார் கையிலிருந்தும் வேண்டாம்.” ஆங்கிலத்தில் கையும் இல்லை, விழவும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

சவரிமுத்துவின் முகத்தில் ரத்தம் ஏறியது எனக்குத் தெரிந்தது.

“குரல் போயும் அத மறக்கலியா அவரு? பன்னண்டு வருஷம் கழிச்சி லெட்டர் போட்டுக் குத்திக் காட்டுறாரா?” அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. “ஒரு பதில் எழுதுங்கம்மா. உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட துருப்பு எதுவும் இல்லன்னு எழுதுங்க. இனிமே எழுத வேணாம்னு எழுதுங்க.”

எழுதினேன். துருப்புக்கு டிரம்ப். போன சொல்லே திரும்பி வருகிறதே என்று அதிலும் எனக்கு ஒரு திருப்தி. அன்று மாலையே ரீட்டா தபால் பெட்டியில் போட்டுவிட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு நாள் முந்தி என்று நினைவு. ரீட்டா ஏதோ ஒரு மாதா கோயில் மலரின் ஆங்கிலப் பக்கங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நிமிராமலே, “அக்கா, டிரம்புன்னா எக்காளம்தானே?” என்றாள்.

“சீட்டாட்டத்துலயா?” என்றேன் நான்.

“கோயில் புஸ்தகத்துல சீட்டாட்டம் எப்படிக்கா வரும்? லாஸ்ட் டிரம்ப்னு போட்டுருக்கு. கடைசி எக்காளம். அது ஊதுனா செத்தவங்கல்லாம் எழுந்திரிப்பாங்க. எங்க அடக்கத்துல அந்த வசனத்த வாசிப்பாங்களே, நீங்க கேட்டதில்ல?”

நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பைபிள் கிடையாது. அகராதியை எடுத்தேன். அதே பக்கம். நான் பார்த்து மூடிய பதிவுக்கு நேர் கீழே இன்னொரு டிரம்ப் இருந்தது. ஊதுகிற வாத்தியம், எக்காளம். ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, இரண்டும் வேறு வேறு வழியில் வந்த வேறு வேறு சொற்கள். ஒரே பெயருள்ள இரண்டு அந்நியர்கள்.

டென்னிஸ் சொன்னது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. நான் சாகப்போகிறேன். என் அடக்கத்தில் நீ வந்து ஊத வேண்டும், வேறு யாரும் வேண்டாம். அதற்கு நாங்கள் அனுப்பிய பதில், உனக்காக ஊத மாட்டேன், இனி எழுதாதே. வாய் பேச முடியாத ஒரு மனிதர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நாளாக எப்படி இருந்திருப்பார்!

சவரிமுத்துவுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும், “அது முடிஞ்சிதும்மா, விடுங்க” என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தால் எடுக்கவில்லை. பொன்மலை முகவரியில் போன் நம்பர் இல்லை.

எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனிதர். என்னைவிட இரண்டு வயது சின்னவர் வேறு. திருத்திய மொழிபெயர்ப்பை இருவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் சரி என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். தபாலில் அனுப்பினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

“பேப்பர்ல தப்பு வந்தா புதுப் பேப்பர்ல அடிச்சிக் குடுப்போம் மேடம். இது பேப்பர்ல நடந்த தப்பா?” என்றார். “தபாலு போக ரெண்டு நாள், மூணு நாள். அவருக்கு அவ்வளவு நாள் இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? காலைல பாசஞ்சரப் பிடிச்சிப் போங்க. ரெண்டு லெட்டரயும் கையில எடுத்துட்டுப் போங்க.” அலுவலகத்தின் மானம் போய்விடுமே என்று நான் இழுத்தேன். “போனா போவட்டும்” என்றார்.

மறுநாள் காலை தஞ்சாவூரிலிருந்து ரயிலில் போன நேரத்தை என்னால் மறக்க முடியாது. இரண்டு பக்கமும் சம்பா நட்டு முடித்த வயல். பச்சை இன்னும் கெட்டிப்படவில்லை, நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர், தண்ணீருக்குள் மேகம். ரயில் வானத்தின் மேல் ஊர்ந்து போவது மாதிரி இருந்தது. எங்கோ வெகு தூரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு. மற்ற நாளாக இருந்தால் நான் அதிலேயே கரைந்துபோயிருப்பேன். அன்று மடியில் இருந்த இரண்டு காகிதங்களும் என்னைக் கரைய விடவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

நீடாமங்கலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ரயில்வே கேட் போட்டிருந்தான். வழக்கம்தான். அரை மணி நேரம் கழித்துக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சவரிமுத்து வயலில் இருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு வாய்க்கால். மூங்கில் பாலம் அந்தக் கோடியில் இருந்தது.

“எதுக்கும்மா வந்தீங்க?” என்று அந்தக் கரையிலிருந்து கேட்டார்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. அகராதி, இரண்டு பதிவு, ஒரே எழுத்து, இதையெல்லாம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிக் கத்திச் சொல்வது? கடிதத்தை எடுத்து, அந்த ஆங்கில வரியை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல், உரக்கப் படித்தேன்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். “என்னான்னு படிச்சீங்க? திரும்பப் படிங்க.”

“லாஸ்ட் டிரம்ப்.”

“டிரம்பா? டிரம்புன்னா எழுதியிருக்காரு?”

“ஆமாங்க.”

“துருப்பு இல்லியா?”

“ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே எழுத்துங்க ஐயா.”

“உங்களுக்கு ஒரே எழுத்து.” அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எங்களுக்கு டிரம்புன்னா ஊதறதும்மா. துருப்புன்னா சீட்டு. மாஸ்டரு தெனம் சொல்லுவாரு, ‘டேய், டிரம்ப எடு, டிரம்பத் தொடை, டிரம்ப மழையில வைக்காத’ன்னு. அன்னிக்கே இத இங்கிலீஷ்லயே படிச்சிருந்தீங்கன்னா எனக்கு வெளங்கியிருக்குமே.”

நான் இத்தனை வருடமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் ஒரே உருவத்தில் வைத்திருந்த இரண்டு சொற்களையும் பேண்டுக்காரர்கள் என்றைக்கோ பிரித்து, ஒன்றை டிரம்பு என்றும் ஒன்றைத் துருப்பு என்றும் தனித்தனியாக வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். குழப்பமே இல்லை. ஆங்கிலம் படித்த நான் நடுவில் புகுந்துதான் அவற்றை மறுபடி ஒட்டிவைத்தேன். அந்த அறையில் அந்தச் சொல் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

“நம்ம என்னான்னு பதில் போட்டோம்?” என்று அவர் கேட்டார்.

அதையும் படிக்க வேண்டியதாயிற்று. ஐ ஹேவ் நோ டிரம்ப் ஃபார் யூ. அவருக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் தெரியும். நோ என்பதும் தெரிந்திருக்கலாம். அது போதுமாக இருந்தது.

“எங்க ரெண்டு பேரு வாயயும் உங்க கையில குடுத்தோமேம்மா” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நான் இந்தக் கரையில் நின்று அழுதேன். வயசுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அவர் எழுந்து வாய்க்காலிலேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து என் பக்கம் ஏறினார். “நில்லுங்க, வந்துர்றேன்” என்று வீட்டுக்குப் போனார். கால் மணியில் வெளுத்த சட்டையோடு வந்தார். கையில் துணிப்பை. அதிலிருந்து பித்தளையின் வாய் கொஞ்சம் வெளியே தெரிந்தது.

ரயிலில் அவர் என்னோடு பேசவில்லை. திருவெறும்பூர் தாண்டிய பிறகு ஒரே ஒரு முறை, “முன்பல்லு இல்லாம ஒதடு நிக்காதும்மா. நாலு வருஷமா எடுக்கல” என்றார். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை.

பொன்மலையில் கதவைத் திறந்தது டென்னிஸின் மகள். உயிரோடு இருக்கிறார் என்று அந்தப் பெண்ணின் முகத்திலேயே தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டாராம். “ஒரு லெட்டர் வந்துச்சு. அன்னிலேந்து சிலேட்டத் தொடறதில்ல. சாப்பாடு வேணுமான்னு கேட்டாக்கூட கண்ண மூடிக்கிறாரு.”

உள்ளே கட்டிலில், தலையணையில் சாய்ந்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, உயரமான மெலிந்த மனிதர் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. நான் முன்னால் போய் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சவரிமுத்து கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

“மாஸ்டர், டிரம்பு இருக்கு மாஸ்டர். இந்தம்மா அதத் துருப்புன்னு படிச்சிப்புட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். டென்னிஸ் மெதுவாகத் திரும்பினார். சவரிமுத்துவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சவரிமுத்துவும் பல்லில்லாத வாயோடு சிரித்தார், பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மாஸ்டரின் காலைப் பிடித்துக்கொண்டார்.

டென்னிஸ் சிலேட்டைக் கேட்டு வாங்கினார். எழுதி என்னிடம் நீட்டினார். “பிளே நவ். ஐ கேன் ஹியர்” என்று உள்ளது உள்ளபடி படித்தேன். சவரிமுத்து என்னைப் பார்க்கக்கூட இல்லை, பையிலிருந்து டிரம்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு வாசிக்கிற மெட்டு. முதல் சுரமே தள்ளாடியது. உதடு நிற்கவில்லை, பக்கவாட்டில் காற்று போனது. மூன்றாவது அடியில் டென்னிஸ் கையை உயர்த்தினார். சிலேட்டில் ‘ஃப்ளாட்’ என்று எழுதினார், அதற்குக் கீழே ‘அகெயின்’. ஃப்ளாட் என்றால் இங்கே என்ன என்று யோசிக்கிற பழைய ஆசை எனக்குள் எட்டிப் பார்த்தது. அடக்கிக்கொண்டு படித்தேன்.

“கேக்குது மாஸ்டர், இறங்கித்தான் போவுது” என்றார் சவரிமுத்து. வாத்தியத்தை உதட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி கை உயர்ந்தது. மறுபடி முதலிலிருந்து. தன் அடக்கத்துக்கான பாட்டைத் தானே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார் அந்த மனிதர். வெளியே ரயில்வே காலனியின் பெரிய மரங்களில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. நான் எந்த ஊரில், எந்த வருடத்தில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ கை உயரவில்லை.

கிளம்பும்போது டென்னிஸ் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலைந்து வரி எழுதி, சவரிமுத்துவின் கையில் வைத்து மூடினார். ஆங்கிலம்தான். சவரிமுத்து அதைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் படிக்கத் தரவில்லை. ரயிலிலும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. உங்களிடம் வராத காகிதங்களும் இந்தத் தொழிலில் உண்டு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் எதிரே இருந்தால், மொழிபெயர்ப்பதற்கு முன்னால் மூலத்தை ஒரு தடவை அப்படியே உரக்கப் படித்துவிடுவேன். “எங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே மேடம்” என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள் என்பேன். எத்தனையோ முறை ஏதோ ஒரு சொல்லில் அவர்கள் முகம் மாறும். பம்பு செட்டுக்காரருக்கும் நர்ஸுக்கும் லாரி டிரைவருக்கும் அவரவர் ஆங்கிலம் உண்டு. உங்கள் கணினியிடம் அந்த முகம் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது, நிமிர்ந்து பாருங்கள். அழகான ஒரு பொருத்தம் மனதில் பளிச்சிட்டால் அன்றைக்கு மட்டும் ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள்.

மார்கழி பிறந்து சில நாட்களில் சவரிமுத்து போன் செய்தார். “மாஸ்டரு போயிட்டாரும்மா. நீங்களும் வரணும்” என்றார். என்னை ஏன் கூப்பிட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனேன்.

பொன்மலைக் கல்லறைத் தோட்டத்தில் லேசான தூறல். குழுவின் இளைஞர்கள் சீருடையில் வாத்தியங்களோடு ஓரமாக நின்றிருந்தார்கள். ஜெபம் முடிந்து பெட்டியை இறக்கினார்கள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட, சவரிமுத்து மட்டும் குழியின் விளிம்புக்குப் போய் டிரம்பை உதட்டின் இடது ஓரத்தில் வைத்தார்.

இரண்டு அடி நன்றாகப் போனது. மூன்றாவதில் சுரம் இறங்கிவிட்டது. எனக்கே தெரிந்தது. யாரும் முகம் மாறவில்லை, அழுதுகொண்டிருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சவரிமுத்து நிறுத்திவிட்டார். டிரம்பை உதட்டிலிருந்து எடுத்து, குழிக்குள் பார்த்தபடி நின்றார். அவர் உடைந்துவிட்டார் என்று நினைத்து ஒரு இளைஞன் முன்னால் வந்தான். சவரிமுத்து அவனைக் கையால் தடுத்தார். குழியைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். உதட்டைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.